புல்தரைக்கென்று ஒரு நூலகம்: ஈஸ்ட் லான்சிங்கில் என்னதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈஸ்ட் லான்சிங் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்குள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் புல்லுக்கென்றே ஒரு தனித் தொகுப்பு இருக்கிறது. ஆடு மாடு மேய்கிற புல் இல்லை. வெட்டி, உருளை ஓட்டி, தண்ணீர் விட்டு, மேலே ஆள் நடக்கவும் பந்து உருளவும் என்று வளர்க்கிற புல்தரை. வீட்டு முன்வாசல், பூங்கா, கல்லறைத் தோட்டம், கால்பந்து மைதானம், கோல்ஃப் மைதானம், நெடுஞ்சாலை ஓரம் என அது எங்கெல்லாம் உண்டோ, அதைப் பற்றி அச்சில் வந்ததை எல்லாம் பல பத்தாண்டுகளாக அங்கே சேர்த்து வருகிறார்கள். சேர்ப்பதோடு விடுவதில்லை. இதழைப் பிரித்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பதிவு போடுகிறார்கள். அப்படிப் போட்ட பதிவுகள் இன்று மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டன.

புல்லுக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். அளவைப் பார்த்தால் தோன்றாது. 2005ல் கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செயற்கைக்கோள் தகவல்களை வைத்து, அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் இப்படிப் பராமரிக்கப்படும் புல்தரை ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். முன்னே பின்னே முப்பத்தைந்தாயிரம் இருக்கலாம் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் பாசனம் செய்து விளைவிக்கிற மக்காச்சோளத்தைப் போல மூன்று மடங்கு நிலத்தில் இந்தப் புல் நிற்கிறது. அத்தனை தண்ணீர், உரம், பூச்சிமருந்து, டீசல், கூலி எல்லாம் அதில் இறங்குகிறது.

ஆனால் மக்காச்சோளத்துக்குச் சந்தை இருக்கிறது, மூட்டைக்கணக்கு இருக்கிறது, அரசாங்கப் புள்ளிவிவரம் இருக்கிறது, அதைப் பற்றிய ஆராய்ச்சியைத் திரட்டி வைக்க வேளாண் துறையின் பெரிய நூலகமே இருக்கிறது. புல்தரையில் அறுவடை என்று எதுவும் இல்லை. அதனால் அதைப் பற்றிய அறிவு எல்லாப் பக்கமும் சிதறிப்போனது. கொஞ்சம் தாவரவியல் இதழ்களில், கொஞ்சம் மண்ணியல் இதழ்களில். பெரும்பகுதியோ புல்லை வெட்டுகிறவர்களும் விதை விற்கிறவர்களும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட தாள்களில் கிடந்தது. வட்டாரச் சங்கத்தின் மாதாந்திரச் செய்தி மடல், களநாள் அன்று கையில் கொடுக்கிற நான்கு பக்கக் குறிப்பு, குளிர்காலக் கருத்தரங்கின் உரைத் தொகுப்பு என்று அதில் பல வகை. இவற்றை எந்த நூலகமும் வாங்குவதில்லை, கொடுத்தாலும் வைத்துக்கொள்வதில்லை. படித்தவர் மேசையிலிருந்து நேரே குப்பைக்குத்தான் போகும்.

அந்தத் தாள்களையும் ஆய்விதழ்களையும் ஒரே மரியாதையோடு எடுத்து வைத்ததுதான் ஈஸ்ட் லான்சிங்காரர்கள் செய்த பெரிய வேலை. அந்த வேலை ஏன் பெரிது என்று புரிய, அது தொடங்கிய இடத்திலிருந்து வரவேண்டும். தொடங்கிய இடம் ஒரு சாக்கடை.

மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிற மில்வாக்கி நகரம் 1920களில் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஜோன்ஸ் தீவு என்ற இடத்தில் பெரிய ஆலை ஒன்றைக் கட்டியது. கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிரிகளை வளர்த்து, அவை அழுக்கைத் தின்று அடியில் சேறாகப் படிய விடுகிற முறை. தண்ணீர் சுத்தமாகிவிடும். மிஞ்சுகிற சேற்றை என்ன செய்வது? ஏரியில் கொட்டினால் ஆலை கட்டியதே வீண். உலர்த்தி உரமாக்கலாம் என்று முடிவு செய்து, அதை எந்தப் பயிருக்குப் போடலாம் என்று கண்டுபிடிக்கும் வேலையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் எமில் ட்ருவோக்கிடம் நகரம் ஒப்படைத்தது. அதற்கான உதவித்தொகையில் வேலைக்கு வந்தவர் ஓ. ஜே. நோயர்.

அந்த உலர்ந்த சேற்றில் இருக்கிற தழைச்சத்து மெதுவாகத்தான் வெளியே வரும். ரசாயன உரத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தூவினாலே புல் நுனி கருகும். இதில் அந்தப் பயம் குறைவு. தினமும் குட்டையாக வெட்டப்படுகிற, கொஞ்சம் கருகினாலும் கண்ணில் பளிச்சென்று தெரிகிற கோல்ஃப் மைதானப் புல்லுக்கு இதைவிட நல்ல உரம் அன்றைக்கு இல்லை என்பதை நோயர் கண்டுகொண்டார். 1926 முதல் அது 'மில்ஆர்கனைட்' என்ற பெயரில் மூட்டைகளில் விற்பனைக்கு வந்தது. இன்றும் விற்கிறது.

சரி, உரம் விற்றவருக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்? நோயர் மூட்டை விற்கப் போனவர்தான், ஆனால் போன இடத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். எந்த ஊர் மைதானத்தில் எந்தப் புல், வடிகால் எப்படி, போன குளிர்காலத்தில் எந்தப் பகுதி செத்தது, பராமரிப்பவர் என்ன செய்து மீட்டார் என்று பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டுக் குறித்தார், படம் எடுத்தார். அவரும் மில்ஆர்கனைட்டில் அவரோடு வேலை செய்தவர்களும் எடுத்த ஸ்லைடுகள் ஆயிரக்கணக்கில் இப்போது அந்த நூலகத்தில் இருக்கின்றன. தேதியும் இடமும் தெரிந்த, பழைய, வண்ணப் புல்தரைப் படங்கள்! ஒரு கோல்ஃப் மைதானத்தின் கிரீன், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்திட்டு, ஐம்பது வருடத்துக்கு முன்னால் என்ன வடிவில் இருந்தது, சுற்றி என்ன மரம் நின்றது என்று பார்க்க வேறு வழியே இல்லாத இடங்களுக்கு அவைதான் சாட்சி.

நோயர் 1966ல் இறந்தார். அவர் பெயரில் ஏற்கெனவே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை இருந்தது. அந்த அறக்கட்டளை 1968ல் அவருடைய புத்தகங்களையும் தாள்களையும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்து, நோயர் நினைவுப் புல்தரைத் தொகுப்பை ஏற்படுத்தியது. அவர் வேலை செய்தது விஸ்கான்சினில்; தொகுப்பு போனது பக்கத்து மாநிலத்துக்கு.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் புல்லோடு பழைய உறவு உண்டு. அங்கே வேலை பார்த்த தாவரவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பீலை விதை பற்றிப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1879ல் இருபது பாட்டில்களில் விதைகளைப் போட்டு வளாகத்தில் புதைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முளைக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். 2021ல் ஒரு பாட்டிலை எடுத்தார்கள், அதிலும் சில முளைத்தன. கடைசி பாட்டில் 2100ல். அதே பீல்தான் கடைகளில் புல்தரைக்கென்று விற்கிற விதைக் கலவைகளை வாங்கி விதைத்து, எது நிற்கிறது எது ஏமாற்று என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சோதித்தவர். அந்த ஊரில் இப்படி ஒரு தொகுப்பு வந்து சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1980களின் முதல் பாதியில் வந்தது. தண்ணீர்ச் செலவும் பராமரிப்புச் செலவும் ஏறிக்கொண்டே போன காலம். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யூஎஸ்ஜிஏ, தண்ணீரும் பராமரிப்பும் பாதியாகக் குறையும் அளவுக்குப் புதுப் புல்வகைகளை உருவாக்கவேண்டும் என்ற இலக்கோடு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. அப்போது முதலில் இடித்த பிரச்சினை, இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பது. செய்ததையே திரும்பச் செய்து காசைக் கரைக்கக் கூடாது என்றால் முதலில் ஒரு பட்டியல் வேண்டும். அதனால் நூலகத்தோடு சேர்ந்து கணினித் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கினார்கள். டர்ஃப்கிராஸ் இன்ஃபர்மேஷன் ஃபைல் என்று பெயர், சுருக்கமாக டிஜிஐஎஃப். வீட்டில் கணினி இருப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், மைதானம் பராமரிக்கிறவர்களுக்காக இதைத் தொடங்கியிருக்கிறார்கள்.

அதில் ஒரு பதிவைப் பார்த்தால் உழைப்பு தெரியும். எழுதியவர், தலைப்பு, இதழ், தேதி, பக்கம் என்ற வழக்கமான விவரங்களோடு நிற்பதில்லை. கட்டுரை எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொற்கள் வரிசையாக இருக்கும்: புல்லின் தாவரப் பெயர், ரகம், நோய், மருந்து, கருவி என்று. புகைப்படம் இருக்கிறதா, அது வண்ணமா கறுப்பு வெள்ளையா, அட்டவணையும் வரைபடமும் உண்டா என்று ஒரு குறிப்பு. இதே விஷயத்தின் முந்தைய பகுதி அல்லது பிந்தைய பகுதி வேறு இதழில் வந்திருந்தால் 'இதையும் பார்க்க' என்று ஓர் இணைப்பு. இதை ஒரு புகழ்பெற்ற ஆய்விதழுக்குச் செய்தால் யாரும் வியக்கமாட்டார்கள். ஒரு மாநிலத்துப் பராமரிப்பாளர்கள் சங்கம் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட மடலின் மூன்றாம் பக்கக் கட்டுரைக்கும் இதே அளவு கவனத்தோடு பதிவு போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொகுப்பின் மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

குறிச்சொல் போடுவது சும்மா எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு நோயைக் காட்டலாம். குட்டையாக வெட்டிய புல்லில் வெள்ளி டாலர் நாணயம் அளவுக்கு வட்டம் வட்டமாக வெளிறிக் காயும். 1920களில் எழுதியவர்கள் அதைச் 'சின்ன பிரவுன் பேட்ச்' என்றார்கள், பெரிய பிரவுன் பேட்ச் நோயின் தம்பி என்று நினைத்து. இரண்டும் வேறு வேறு நோய் என்று தாவர நோய் ஆய்வாளர் ஜான் மான்டீத் பிரித்துக் காட்டினார். அப்புறம் 'டாலர் ஸ்பாட்' என்ற பெயர் நிலைத்தது. 1937ல் எஃப். டி. பென்னட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அந்தப் பூஞ்சைக்கு ஸ்கிளரோட்டினியா ஹோமியோகார்ப்பா என்று அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயர் சரியில்லை, இது அந்தப் பேரினமே இல்லை என்று வல்லுநர்கள் பல காலம் முணுமுணுத்து, கடைசியில் 2018ல் மரபணு ஆய்வை வைத்துக் கிளாரிரீடியா என்று புதுப் பேரினமே உண்டாக்கினார்கள். அதிலும் ஒன்றில்லை, நான்கு சிற்றினங்கள். ஒன்றுக்குப் பென்னட்டின் பெயர், ஒன்றுக்கு ரோட் ஐலண்டில் வேலை செய்த நோயல் ஜாக்சனின் பெயர், ஒன்றுக்கு மான்டீத்தின் பெயர்.

இப்போது ஒருவர் இந்த நோயைப் பற்றி நூறு வருடத்து எழுத்தைத் தேடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பெயரைத் தட்டினால் 2018க்குப் பிந்தையதுதான் வரும். டாலர் ஸ்பாட் என்றால் இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். 1920களின் கட்டுரையில் இந்த இரண்டு பெயருமே கிடையாது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுகிற தேடுபொறி இங்கே கைவிரித்துவிடும். கட்டுரையைப் படித்துப் பார்த்து, இவர் சின்ன பிரவுன் பேட்ச் என்று சொல்வது இன்றைக்கு நாம் சொல்கிற டாலர் ஸ்பாட்தான் என்று புரிந்துகொண்டு குறிச்சொல் போட ஒரு ஆள் வேண்டும். புல்லின் பெயர்களும் இப்படியே மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. டால் ஃபெஸ்க்யூ என்கிற ஒரு புல்லையே ஆளுக்கொரு பேரினத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

மான்டீத் பெயர் வந்ததால் அவர் வேலை பார்த்த ஆர்லிங்டனையும் சொல்லவேண்டும். யூஎஸ்ஜிஏ 1920ல் கிரீன் செக்ஷன் என்ற பிரிவைத் தொடங்கி, அமெரிக்க வேளாண் துறையோடு சேர்ந்து ஆய்வு நடத்தியது. துறையின் சார்லஸ் பைப்பரும் ரஸ்ஸல் ஓக்லியும் அதை முன்னின்று நடத்தினார்கள். வாஷிங்டனுக்கு எதிரே, பொடோமாக் ஆற்றின் அக்கரையில் ஆர்லிங்டன் சோதனைப் பண்ணையில் புல்தரைத் திட்டுகள் போட்டு ரகம் ரகமாக வளர்த்தார்கள். முடிவுகளை 1921 முதல் கிரீன் செக்ஷன் புல்லட்டினில் மாதாமாதம் எழுதினார்கள். 1940களின் தொடக்கத்தில் அந்தப் பண்ணை நிலம் போர்த் துறைக்குப் போனது. இன்றைக்குப் பென்டகனும் அதைச் சுற்றிய சாலைகளும் நிற்கிற பக்கம் அது. திட்டுகள் போயின, அங்கே வளர்ந்த புல் போயிற்று. எந்தத் திட்டில் எதைப் போட்டார்கள், என்ன ஆயிற்று என்பதற்குப் புல்லட்டினின் பக்கங்கள்தான் மிச்சம். மான்டீத் போர்க்காலத்தில் ராணுவப் பொறியாளர்களுக்காக விமானத் தளங்களில் புல் வளர்க்கப் போய்விட்டார். தூசி கிளம்பினால் விமான என்ஜின் கெடும் என்பதால் அதுவும் அவசர வேலைதான்.

புல் ஆராய்ச்சியில் இந்த இழப்பு எப்போதும் நடக்கிறது. பத்து வருடச் சோதனை முடிந்ததும் அதே நிலத்தை உழுது அடுத்த சோதனைக்கு விதைப்பார்கள். நெல்லுக்கு நெல்மணியாவது கையில் இருக்கும், இங்கே அதுவும் இல்லை. எழுதி வைத்ததே விளைச்சல்.

பழைய தாள்களுக்கு இன்னொரு பயன் உண்டு, அது உடம்பைப் பற்றியது. 1916ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜப்பானிய வண்டு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு மண்ணுக்குள் இருந்துகொண்டு புல்வேரைத் தின்றுவிடும். புல்தரையைப் பாய் சுருட்டுகிற மாதிரி கையால் சுருட்டி எடுத்துவிடலாம். அதற்கு 1920களிலிருந்து ஈய ஆர்சனேட் என்ற நஞ்சை மண்ணில் கலந்தார்கள். மண்புழுவை விரட்டவும் அதையே போட்டார்கள், களைக்கும் ஆகும் என்றார்கள். பூஞ்சை நோய்களுக்கோ பாதரசம்: கேலோமெல், பாதரசக் குளோரைடு. இவற்றைப் போடாதவன் பராமரிப்பாளனே இல்லை என்கிற அளவுக்கு அது அன்றைய நல்ல பழக்கம். எவ்வளவு போடவேண்டும், எத்தனை முறை, எந்த மாதம் என்று இதழ்கள் கட்டம் போட்டுச் சொல்லின. ஈய ஆர்சனேட்டுக்கு அமெரிக்காவில் முறையான தடை 1988ல் வந்தது, புல்தரைக்கான பாதரச மருந்துகள் 1990களில் நின்றன. ஆனால் ஈயமும் ஆர்சனிக்கும் மட்கிப்போகிற சரக்கு இல்லை. மேல்மண்ணிலேயே தங்கிவிடும். பழைய கோல்ஃப் மைதானத்தைப் பிளாட் போட்டு வீடு கட்டும்போது, குழந்தைகள் விளையாடப்போகிற மண்ணில் என்ன இருக்கும் என்று எந்தப் பக்கத்தில் தேடுவது? அந்தக் காலத்துப் பரிந்துரைகளும் விளம்பரங்களும் அங்கங்கே பராமரித்தவர்கள் பெருமையோடு எழுதிய குறிப்புகளும்தான் முதல் தடயம். அன்றைய விளம்பரத்தை 'இது ஆராய்ச்சி இல்லை' என்று கழித்துக் கட்டியிருந்தால் அந்தத் தடயமும் போயிருக்கும்.

டொரான்டோ சி-15 கதையையும் சொல்லிவிடுகிறேன். அது கிரீன்களுக்கென்று ஓடுதண்டை நட்டுப் பெருக்கிய கிரீப்பிங் பென்ட் புல். விதையில்லாமல் தண்டை வெட்டி நட்டதால் எங்கே போட்டாலும் ஒரே செடியின் நகல். ஒரே சீராக, அழகாக இருக்கும் என்று அமெரிக்காவின் மத்திய மேற்கில் நிறைய மைதானங்கள் போட்டன. 1980ஐ ஒட்டிய வருடங்களில் அது காரணம் தெரியாமல் வாடிச் சாக ஆரம்பித்தது. பூஞ்சை மருந்து எதை அடித்தும் நிற்கவில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் பேராசிரியர் ஜோ வர்காஸின் ஆய்வுக்கூடத்தில், இது பூஞ்சையே இல்லை, செடியின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்கிற பாக்டீரியா என்று கண்டுபிடித்தார்கள். ஒரே செடியின் நகல் என்பதால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. ஆய்விதழில் இந்த முடிவு சில பக்கங்கள்தான். அதற்கு முந்தைய குழப்பம், எந்த மைதானத்தில் எந்த வாரம் தொடங்கியது, எதை அடித்துப் பார்த்தார்கள், யார் கிரீனையே உரித்தெறிந்துவிட்டு விதை போட்டார்கள் என்பது மாதிரியான விவரங்களுக்கு அந்தக் காலத்துச் சங்க மடல்களிடம்தான் போகவேண்டும். அடுத்த முறை ஒரு புல்வகை காரணமில்லாமல் சாகும்போது ஆய்வாளருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அந்தக் குழப்பத்தின் பதிவுதான்.

நமக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு புல்லும் இந்தத் தொகுப்பில் பெரிய இடம் பிடித்திருக்கிறது. அமெரிக்கர்கள் பெர்முடா கிராஸ் என்று சொல்வது நம்முடைய அருகுதான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகு. ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோமே, அதே அருகு. வயலில் நுழைந்தால் விவசாயிக்குத் தலைவலி, அங்கேயும் பருத்திக்காரர்களுக்கு அப்படித்தான் இருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் இந்த அருகையும் ஆப்பிரிக்காவின் இன்னொரு மெல்லிய அருகினத்தையும் கலந்து வந்த ரகங்களை வெளியிட்டார். 1956ல் டிஃப்கிரீன், 1960ல் டிஃப்வே 419. வெப்ப நாடுகளில் இன்றைக்கு விளையாட்டு மைதானத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் கால் வைத்தால் அது டிஃப்வே மேல் படுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அருகுக்கு 36 குரோமோசோம், மற்றதற்கு 18, கலப்புக்கு 27. ஒற்றைப்படைத் தொகுதி என்பதால் அது மலடு, விதை பிடிக்காது. ஓடுதண்டை நட்டுத்தான் பெருக்கவேண்டும். இப்படி பல பத்தாண்டுகள் நட்டு நட்டு வரும்போது நடுவில் எங்காவது ஒரு மாற்றம் ஏற்பட்டு வேறு நிறத்தில், வேறு உயரத்தில் திட்டுகள் தலைகாட்டும். டிஃப்கிரீன் போட்ட கிரீன்களில் அப்படி வந்த குள்ள வகையைத்தான் 1965ல் டிஃப்டுவார்ஃப் என்று தனி ரகமாக வெளியிட்டார்கள். உங்கள் மைதானத்தில் தெரிகிற திட்டு நட்டபோதே வந்த கலப்படமா, பிற்பாடு ஏற்பட்ட மாற்றமா என்று சண்டை வந்தால், எந்த வருடம் யார் என்ன நட்டார்கள் என்ற பழைய எழுத்து இருந்தால்தான் பேச முடியும்.

நோயர் தொகுப்புக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த இன்னொரு பெரும் சொத்து ஜேம்ஸ் பியர்டுடையது. புல்தரை அறிவியலுக்கு 1973ல் அவர் எழுதிய பாடநூலைத் தொடாமல் அந்தத் துறையில் படித்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். 1975 வரை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு டெக்சஸுக்குப் போனவர். மிச்சிகனில் இருந்தபோது, குளிர்காலத்தில் புல் மேல் பனிக்கட்டி மூடிக் கிடந்தால் எந்தப் புல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று சோதித்தார். கிரீப்பிங் பென்ட் வெகுநாள் தாங்கும், போவா ஆனுவா என்கிற ஒருபருவப் புல் அதற்கு முன்பே செத்துவிடும் என்ற அவருடைய முடிவை இன்றும் குளிர்நாட்டுப் பராமரிப்பாளர்கள் பனிக்காலத்தில் நாள் எண்ணும்போது சொல்கிறார்கள். அவரும் மனைவி ஹேரியட்டும் வாழ்நாள் முழுக்கப் பல நாடுகளிலிருந்து புல்தரைப் புத்தகங்களைச் சேர்த்தார்கள், அந்தத் தனி நூலகம் முழுவதையும் ஈஸ்ட் லான்சிங்குக்கே கொடுத்தார்கள். பியர்டு 2018ல் காலமானார். அவர்கள் கொடுத்த புத்தகங்களால் தொகுப்புக்கு நீளம் கூடியது. 1830ல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் கம்பளித் துணியின் பிசிறைச் சீவுகிற இயந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் இயந்திரம் செய்வதற்கு முன்பு, அரிவாளாலும் ஆட்டுமந்தையாலும் புல்தரையைப் பராமரித்த காலத்து எழுத்து வரை அது பின்னால் போகிறது.

குறையையும் சொல்லவேண்டும். இந்தத் தொகுப்பில் கோல்ஃபின் கை ஓங்கியிருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் அவர்கள், இதழ் நடத்தியவர்கள் அவர்கள், 1926லேயே ஓஹாயோவின் டொலீடோவில் கூடித் தேசியச் சங்கம் அமைத்து அடுத்த வருடமே பத்திரிகை போட்டவர்கள் அவர்கள். பரப்பளவில் பெரும்பங்கு வீட்டு முற்றங்களும் சாலை ஓரங்களும்தான். அந்தப் புல்லை வெட்டுகிற கூலியாட்கள் பத்திரிகை நடத்தவில்லை. அவர்களில் ஏராளமானவர்கள் இன்றைக்கு மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தது வாய்வழியாகத்தான் போகிறது. எழுதப்படாததை நூலகம் சேர்க்க முடியாது என்பது உண்மைதான், ஆனாலும் அந்த ஓட்டை பெரியது. அதே மூச்சில் இதையும் சொல்வேன்: புல்தரைக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டாம், இத்தனை உரம் வேண்டாம், இங்கே புல்லே வேண்டாம் என்று வாதிடுகிறவர்களுக்கும் ஆதாரம் இதே அலமாரியில்தான் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்துப் பார்த்த சோதனைகள், உரம் நிலத்தடி நீரில் இறங்குகிறதா என்று அளந்த ஆய்வுகள் எல்லாம் கோல்ஃப் பணத்தில் நடந்தவையாக இருந்தாலும் எண்கள் எல்லோருக்கும் பொது.

1994 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது இதே பல்கலைக்கழகத்தின் புல் ஆய்வாளர்கள் டெட்ராய்ட் அருகே பான்டியாக்கில் கூரை மூடிய சில்வர்டோம் அரங்குக்குள் இயற்கைப் புல்லைக் கொண்டுவந்து காட்டினார்கள். அறுகோணப் பெட்டிகளில் வெளியே வளர்த்து, உள்ளே தேன்கூடு போலப் பொருத்தினார்கள். உலகக் கோப்பை ஆட்டம் கூரைக்குள் நடந்தது அதுதான் முதல் முறை. 2026 உலகக் கோப்பைக்கு மைதானங்களைத் தயார் செய்ய ஃபிஃபா மறுபடியும் இந்தப் பல்கலைக்கழகத்தையும் டென்னசி பல்கலைக்கழகத்தையும் நாடியது. மூடிய அரங்கில் வெளிச்சம் எவ்வளவு குறைந்தால் புல் எத்தனை நாளில் சோரும், அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு வளர்த்தால் வேர் எப்படிப் பின்னும் என்பதெல்லாம் யாரோ எங்கோ செய்து எழுதி வைத்தவை.

படிக்க விரும்புகிறவர்கள் அமெரிக்கா போகவேண்டியதில்லை. கிரீன் செக்ஷன் புல்லட்டினின் 1921 முதலான இதழ்கள், 1927ல் தொடங்கிய 'கோல்ஃப்டம்' பத்திரிகை, மிச்சிகன் புல்தரை மாநாட்டு உரைகள், பல மாநிலங்களின் பராமரிப்பாளர் சங்க மடல்கள் எல்லாவற்றையும் நூலகம் ஸ்கேன் செய்து, பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. தோட்டக்கலை படிக்கிற மாணவர்களும் மைதானம் பராமரிக்கிறவர்களும் அருகின் தாவரப் பெயரான சைனோடான் டாக்டிலான் என்பதை ஆங்கிலத்தில் இட்டுத் தேடிப் பாருங்கள். வெயில் நாட்டுப் புல்லை எந்த உயரத்தில் வெட்டுவது, உப்புத் தண்ணீர் பாய்ச்சினால் என்ன ஆகும், நிழலில் ஏன் நிற்பதில்லை என்று நம் ஊருக்கும் ஆகிற விஷயங்களே கட்டுக்கட்டாக வரும். 1920களின் இதழ்களைப் புரட்டும்போது மட்டும் அதில் சொல்லியிருக்கிற மருந்து எதையும் கையால் தொடாதீர்கள்.